பொங்கல் மிச்சமும் பத்தாயத்து அடியும்: தை முதல் சித்திரை வரை தீர்க்கும் முறை

பத்தாயத்துக்கு நெல் கொட்டும் வாய் மேலே, அள்ளும் வாய் கீழே. முதலில் போட்டது முதலில் வெளியே வந்துவிடும்; யாரும் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. இன்று பல வீடுகளில் பத்தாயம் இருந்த இடத்தில் நீல பிளாஸ்டிக் டிரம் நிற்கிறது. போடுவதும் அள்ளுவதும் ஒரே வாயில். புது மூட்டை மேலே விழ விழ, போன வருஷத்து அரிசி அடியில் வண்டு வளர்த்துக்கொண்டு கிடக்கும். ஃபிரிட்ஜும் அதே கதைதான்: முன்னால் வைத்தது தீர்ந்துபோகும், பின்னால் தள்ளியது ஊசிப்போகும்.

டெல்டாவில் இதைச் சரிசெய்ய ஏற்ற காலம் பொங்கலுக்குப் பிறகான மூன்று மாதம். மேட்டூரில் வழக்கமாக ஜனவரி 28-இல் தண்ணீரை நிறுத்துவார்கள். அதற்கு முன்னும் பின்னுமாகச் சம்பாவும் தாளடியும் அறுப்பாகும். அறுப்புக்கு 7 முதல் 10 நாள் முன்பு ஈர வயலில் தூவிய உளுந்தும் பயறும் பங்குனி வாக்கில் களத்துக்கு வரும். புதுப்புளி மாசி, பங்குனியில் சந்தைக்கு வரும். புது மிளகாயும் அதையொட்டித்தான். புதுசு வரும் வரிசையிலேயே பழசைக் காலிசெய்தால் போதும். அதற்கு முன்னால் பொங்கலன்று பானையில் மிஞ்சியதைப் பார்த்துவிடலாம். அதற்கு மாதக்கணக்கு கிடையாது, மணிக்கணக்குதான்.

பானையில் மிஞ்சியது

கெடும் வரிசை இதுதான். தேங்காய்ச் சட்னி, தேங்காய் அரைத்த கூட்டு, அவியல் ஆகியவற்றுக்கு அன்று ராத்திரிதான் கெடு. பால் ஊற்றிய சர்க்கரைப் பொங்கலும் வெண்பொங்கலும் மறுநாள் காலை வரை. பால் சேராத, வெல்லமும் நெய்யும் தூக்கலாக விட்ட சர்க்கரைப் பொங்கல் ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். வடை இரண்டு நாள். தேங்காய் சேராத புளிக்குழம்பு எல்லாவற்றையும் விட நீண்டு நிற்கும்.

சமைத்த சோறு எதுவானாலும் இரண்டு மணி நேரத்துக்குள் ஆறவைத்து ஃபிரிட்ஜுக்குள் போகணும். பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து சோறு வெந்த பிறகும் சாகாது. வெதுவெதுப்பில் அது பெருகி விடும் நஞ்சு, மறுபடி கொதிக்கவைத்தாலும் போகாது. ஆழமான பானையோடு வைத்தால் நடுப்பகுதி ஆற நள்ளிரவாகிவிடும். அகலமான தாம்பாளத்தில் இரண்டு விரல்கடை உயரத்துக்குப் பரப்பினால் அரை மணியில் ஆறிவிடும்; பிறகு டப்பாவில் அடைக்கலாம். வெறும் சோறு மிஞ்சினால் முழுக்க மூழ்கத் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் பழையதாகச் சாப்பிட்டு முடித்துவிடணும், மத்தியானத்துக்கு இழுக்கக் கூடாது.

வெண்பொங்கல் மிச்சத்தில் பலர் குணுக்கு போடப்போய் எண்ணெயைப் பாழாக்குகிறார்கள். காரணம் நெய். சூடான எண்ணெயில் விழுந்ததும் உள்ளிருக்கும் நெய் உருகி உருண்டை பிரிந்துவிடுகிறது. அதைவிட அடையாகத் தட்டுவது உத்தமம். கட்டியான பொங்கல் 2 கப், அரிசி மாவு முக்கால் கப், பொடியாக நறுக்கிய வெங்காயம் ஒன்று, பச்சை மிளகாய் இரண்டு, கறிவேப்பிலை. தண்ணீர் வேண்டாம். உப்பு ஏற்கெனவே இருக்கிறது. மாவுக்கு மட்டும் ஒரு சிட்டிகை. பந்திக்கு வாங்கி மிஞ்சிய வாழை இலையைத் துண்டாக்கி எண்ணெய் தடவி, அதில் கால் அங்குலக் கனத்துக்குத் தட்டி, இலையோடு தோசைக்கல்லில் கவிழ்த்துப் போடுங்கள். ஒரு நிமிஷத்தில் இலை தானே விட்டுக்கொடுக்கும். நடுத்தணலில் பக்கத்துக்கு மூன்று நிமிஷம். கல்லில் ஒட்டினால் தணல் போதவில்லை என்று அர்த்தம். எண்ணெயைக் கூட்டிப் பயனில்லை.

சர்க்கரைப் பொங்கல் ஃபிரிட்ஜில் கல்லாக இறுகுவது சோற்றின் மாவுச்சத்து இறுகுவதால்தான், கெட்டுப்போய் அல்ல. அடுப்பில் நேரடியாகச் சூடாக்கினால் அடி பிடிக்கும், வெல்லம் கருகும். மேலே இரண்டு கரண்டி வெந்நீர் தெளித்து, இட்லிப்பானையில் பத்து நிமிஷம் ஆவியில் வைத்தால் முதல்நாள் பதத்துக்கு வந்துவிடும். பாலைத் தெளித்தால் வெல்லத்தில் திரிந்துபோகலாம். அப்படியும் யாரும் தொடவில்லை என்றால் பணியாரம்: மசித்த பொங்கல் 1 கப், கோதுமை மாவு அரை கப், அரிசி மாவு 2 மேசைக்கரண்டி, இட்லி மாவுப் பதத்துக்குத் தண்ணீர். வெல்லம் இருப்பதால் தணல் சிறிசாகவே இருக்கட்டும். பெரிய தணலில் மேலே கறுத்து உள்ளே மாவாக இருக்கும். புளித்த வாடை வந்த பொங்கலை மட்டும் எந்தப் பலகாரத்திலும் ஒளித்துவைக்க முயலாதீர்கள்.

பருப்பு வடை மிஞ்சினால் மோர்க்குழம்பில் போடுவது தஞ்சாவூர்ப் பக்கத்து வழக்கம். குழம்பு பொங்கி வந்ததும் அடுப்பை அணைத்து, பிறகே வடையைப் போடணும். கொதிக்கும்போது போட்டால் கரைந்து குழம்பே பருப்புக்கஞ்சி ஆகிவிடும். உளுந்து வடையை வெந்நீரில் ஒரு நிமிஷம் அமிழ்த்தி, இரு உள்ளங்கைக்கு நடுவே மெல்ல அழுத்திப் பிழிந்து தயிரில் போடுங்கள். பழைய எண்ணெய் வாடை அந்த வெந்நீரோடு போய்விடும். மாட்டுப் பொங்கல் கறிக்குழம்பில் தேங்காய் அரைத்திருந்தால், ஆறியதும் ஃபிரிட்ஜ். வேண்டியதை மட்டும் எடுத்து ஒருமுறை நன்றாகக் கொதிக்கவிட்டுத் தீர்ப்பது. மொத்தச் சட்டியையும் மூன்று வேளை எடுத்து எடுத்து வைக்கும் பழக்கம்தான் வயிற்றுக்கு வினை.

மிஞ்சிய பொங்கலை வாளியோடு மாட்டுக்குக் கொட்டுவதும் வினைதான். வருஷா வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருத்துவர்களுக்கு ஓட்டம் இதனால்தான். சோறும் வெல்லமும் அசைபோடும் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலம் ஏறும். மாடு அசைபோடுவதை நிறுத்தும், வயிறு உப்பும், கவனிக்காவிட்டால் செத்தும் போகும். படையலுக்கு ஒரு கைப்பிடி ஊட்டலாம். மிச்சத்தைக் கழனித்தொட்டியில் கலப்பதும் தவறு, எருக்குழிக்குப் போகட்டும்.

சுண்டக்குழம்பு

பொங்கல் குழம்புக்கு ஏழுகறிக் குழம்பு, பலகாய்க் குழம்பு, தாளகம் என்று வீட்டுக்கொரு பெயர். பரங்கி, பூசணி, அவரை, மொச்சை, சர்க்கரைவள்ளி, சேனை, வாழைக்காய் எல்லாம் சேர்ந்த அந்தக் குழம்பு எப்படியும் மிஞ்சும். அளவு பார்த்து வைத்தாலும் மிஞ்சும். மிச்சத்தைச் சுண்டவைப்பதற்கு மூன்று நிபந்தனை உண்டு: தேங்காய் அரைத்திருக்கக் கூடாது, துவரம்பருப்பு கரைத்து ஊற்றியிருக்கக் கூடாது, அன்று ராத்திரியே முதல் கொதி விட்டிருக்கணும். தேங்காயோ பருப்போ இருந்தால் சுண்டவைக்கும் ஆசையை விட்டுவிட்டு இரண்டு நாளுக்குள் சாப்பிட்டு முடியுங்கள்.

பாத்திரம் மண்சட்டி அல்லது கல்சட்டி. அலுமினியத்திலும் ஈயம் பூசாத பித்தளையிலும் புளி ஏறி உலோகத்தை அரிக்கும். குழம்பு களிம்பு வாடை அடிக்கும். முதல்நாள் ராத்திரி குழம்போடு மிஞ்சிய பொரியல்களையும் (தேங்காய்ப்பூ தூவாதது) சேர்த்து, நல்லெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி விட்டு, சிறு தணலில் கொதிக்கவிடுங்கள். மேலே குமிழி வந்தால் மட்டும் போதாது; நடுவிலும் தளதளவென்று பத்து நிமிஷம் கொதிக்கணும். கரண்டியால் ஓயாமல் கிளறினால் பரங்கியும் வள்ளியும் கூழாகிவிடும். சட்டியின் காதைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் போதும். அடி பிடிக்கிற வாடை வந்தால் சுரண்டாதீர்கள். அடுப்பை அணைத்து ஐந்து நிமிஷம் மூடி வைத்தால் ஆவியில் அடி நெகிழும்.

மறுநாளிலிருந்து காலை ஒரு கொதி, ராத்திரி ஒரு கொதி. இடையில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. எச்சில் கரண்டி, ஈரக் கரண்டி இரண்டும் ஆகாது. அன்றைக்கு வேண்டியதைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துவிடுங்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் பார்த்தால் காய்க்கும் குழம்புக்கும் இருந்த எல்லை போயிருக்கும். மூன்றாம் நாள் நிறம் கருஞ்சிவப்பு. எண்ணெய் ஓரத்தில் வளையமாக நிற்கும். மொச்சை மட்டும் முழுசாகப் பல்லில் படும். இந்தக் கட்டத்தில்தான் அதைப் பழையதுக்குத் தொட்டுக்கொள்ள வேண்டும். தை மாதக் குளிர்ச்சியில் மூன்று நாள் வெளியில் நிற்கும். அதற்குமேல் வேண்டுமானால் ஃபிரிட்ஜில் இன்னும் இரண்டு நாள். நுரை கட்டினாலோ, கரண்டியை எடுத்தால் நூல் இழுத்தாலோ அத்தோடு சரி.

முற்றத்தில் கிடப்பது

காம்போடு உள்ள முழுப் பரங்கி, பூசணி மாதக்கணக்கில் கிடக்கும். காம்பு ஒடிந்ததை முதலில் வெட்டுங்கள். வெட்டியதில் விதையும் நாரும் இருக்கும் இடத்தில்தான் அழுகல் தொடங்கும். அதை வழித்துவிட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று, நான்கு நாள். சேனையும் கருணையும் அவசரப்படுத்தாது. சிறுகிழங்கும் சர்க்கரைவள்ளியும் காற்றாட மணல்மேல் கிடக்கட்டும், பிளாஸ்டிக் பையில் வேர்த்து முளைத்துவிடும்.

மஞ்சள் கொத்தையும் இஞ்சிக் கொத்தையும் பானைக் கழுத்திலிருந்து அவிழ்த்து எறிகிறவர்கள் அதிகம். மஞ்சள் இலை பசுமையாக இருக்கும்போதே கொழுக்கட்டைக்கு எடுத்துக்கொள்ளலாம். மாவை இலைக்குள் மடித்து வேகவைத்தால் தனி மணம். கிழங்கைக் கழுவி, மூழ்கத் தண்ணீர் விட்டு, குச்சி குத்தினால் இறங்கும்வரை (ஏறக்குறைய முக்கால் மணி) வேகவிட்டு, பத்துப் பதினைந்து நாள் காயவைத்தால் உடைத்தால் கணீரென்று ஒடியும் மஞ்சள் கிடைக்கும். இஞ்சி, மண் தொட்டியில் இருந்தால் வேண்டியபோது கிள்ளிக்கொள்ளலாம்.

கரும்பு வெட்டிய நாளிலிருந்தே இனிப்பு இறங்கும். ரேஷனில் பொங்கல் தொகுப்போடு முழுக்கரும்பு கொடுத்த வருஷங்களில் கடையில் வாங்கியதும் சேர்ந்து நாலைந்து கழி சுவரில் சாய்ந்து நிற்கும். நிழலில் நிற்கட்டும், வெட்டுவாயை ஈரத் துணியால் சுற்றினால் ஒரு வாரம் தாங்கும். பிளந்து பார்த்தால் உள்ளே சிவந்து, கள் போலப் புளித்த வாடை வந்தால் அந்தக் கழி வேண்டாம். மிச்சத்தைத் தோல் சீவி, சிறு வில்லைகளாக்கி, மிக்ஸியில் கொஞ்சம் தண்ணீரோடு ஓட்டி, துணியில் பிழியுங்கள். அரிசி அரை கப்பும் பாசிப்பருப்பு கால் கப்பும் முதலில் தண்ணீரிலேயே குழைய வேகணும். பிறகே இரண்டு கப் சாறு. இனிப்பு சேர்ந்த பின் அரிசி வேகாது, எத்தனை விசில் விட்டாலும் நடுவில் விதை நிற்கும். பொங்கி வரும் அழுக்கு நுரையைக் கரண்டியால் எடுத்துவிட மறக்காதீர்கள்.

உடைத்த தேங்காய் மூடிகள் ஐந்தாறு சேர்ந்துவிட்டால் துருவிப் பொடியாக்குவதே வழி. ஒரு பெரிய தேங்காய்த் துருவலுக்கு உளுத்தம்பருப்பு கால் கப், கடலைப்பருப்பு கால் கப், மிளகாய் எட்டு, கோலி அளவு புளி. துருவலைச் சிறு தணலில் செம்பொன் நிறம் வரும்வரை, கையில் எடுத்தால் மணலாக உதிரும்வரை வறுக்கணும். ஈரம் விட்டுவைத்தால் நாலே நாளில் காறல் வாடை. பூவன் சீப்பு கறுத்துப்போனால் கோதுமை மாவு, வெல்லம் சேர்த்து அப்பம். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பழைய அரிசி, பழைய உளுந்து, பழைய புளி

டிரம்மை ஒரு வெயில் நாளில் முழுக்கக் கவிழ்த்துங்கள். முறத்தில் புடைத்தால் வண்டும் நொய்யும் பிரியும். வண்டு மட்டும் என்றால் நிழலில் பரப்பி வைத்தாலே ஓடிவிடும். அரிசியைக் கொளுத்தும் வெயிலில் போட்டால் நொறுங்கும். கட்டி கட்டியாக நூல் கோத்த மாதிரி இருந்தால் அது அந்துப்பூச்சிப் புழுவின் வேலை, கட்டிகளை எறியணும். பூஞ்சணம் பிடித்ததைக் கழுவித் தேற்ற முடியாது. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையை மாட்டுக்குக்கூடப் போடாதீர்கள். அந்த நஞ்சு பால் வழியே திரும்ப வீட்டுக்கே வரும்.

தேறிய பழைய பச்சரிசிக்குச் சிறந்த முடிவு வடாம்தான். புது அரிசிக் கூழ் பசைபோல இழுக்கும், அச்சில் நூலாக நிற்காது. ஆனால் தையில் ஆரம்பிக்காதீர்கள். “தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்” என்பது வடாம் போடுகிறவர்களுக்கும் பொருந்தும். பனியில் இரவு ஈரம் குடித்த வடாம் மறுநாள் மேலே மட்டும் காய்ந்து, டப்பாவில் பூத்துவிடும். மாசி பின்பாதி, பங்குனிதான் காலம். அரிசி மாவு 4 டம்ளர், ஊறவைத்த ஜவ்வரிசி அரை டம்ளர், தண்ணீர் 10 டம்ளர், பச்சை மிளகாய் விழுது, பெருங்காயம். கூழை நாக்கில் வைத்தால் உப்பு அரைவாசிதான் தெரியணும். காய்ந்து சுருங்கும்போது உப்பு அதே அளவு நிற்கும், பொரித்தால் கரிக்கும். எலுமிச்சைச் சாறு அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு. பழைய வேட்டியில் பிழிந்து, சாயங்காலம் துணியின் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரித்து, இன்னும் இரண்டு வெயில். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடற்காற்றின் ஈரம் ஏறும் முன், மூன்று மணிக்கே உள்ளே எடுத்துவிடுங்கள்.

ஒரு வருஷம் தாண்டிய உளுந்தை ஆட்டினால் மாவு உபரி காணாது; இட்லி தட்டையாக வரும். அதை இட்லிக்கு இழுக்காமல் களிக்கு வறுத்து அரைத்துவிடுங்கள். தோல் உளுந்து ஒரு கப்புக்குப் பச்சரிசி கால் கப். மாவு 1 கப்புக்குக் கருப்பட்டி முக்கால் கப், தண்ணீர் இரண்டரை கப், நல்லெண்ணெய் கால் கப். கருப்பட்டித் தண்ணீர் ஆறியிருக்கும்போதே மாவைக் கரைத்துவிட்டு அடுப்பேற்றினால் கட்டி தட்டாது.

பழைய புளி கறுத்துப் புளிப்பேறியிருக்கும். குழம்புக்கு வழக்கமான அளவில் முக்கால் போதும். மொத்தமாகத் தீர்க்கப் புளிக்காய்ச்சல்: புளி 250 கிராம், நல்லெண்ணெய் 200 மில்லி, மிளகாய் இருபது, உப்பு, மஞ்சள்தூள், பெருங்காயம், வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு தேக்கரண்டி, கொஞ்சம் வெல்லம். எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை சுண்டணும். அவசரத்தில் முன்பே இறக்கினால் ஒரு வாரத்தில் மேலே வெள்ளை படரும்.

கடைசியாக, டப்பாக்களின் அடியில் கிடக்கும் கடுகு, சீரகம், வெந்தயம். இவற்றுக்கெனவே வந்தது போன்றது வெங்காய வடகம். பங்குனி கடைசியில் ஆரம்பித்தால் சித்திரை வெயில் முடித்துக்கொடுக்கும். சின்ன வெங்காயம் 1 கிலோ, பூண்டு 100 கிராம், தோல் உளுந்து 100 (இரண்டு மணி நேரம் ஊறவைத்து ஒன்றிரண்டாக அரைத்தது), கடுகு 50, சீரகம் 50, வெந்தயம் 25, கல்லுப்பு 50, மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி, கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி. வெங்காயத்தை உரலில் ஒன்றிரண்டாக இடியுங்கள். மிக்ஸியில் அரைத்தால் விழுதாகி, உள்ளே காயாமல் புளித்துவிடும். எல்லாவற்றையும் பிசைந்து ஒரு ராத்திரி மண்பானையில் மூடிவையுங்கள். காலையில் தண்ணீர் விட்டிருக்கும். பிழிந்த தண்ணீரைப் பானையிலேயே விட்டு, சக்கையை வெயிலில் பரப்பி, சாயங்காலம் மறுபடி அந்தத் தண்ணீரிலேயே போட்டுப் பிசையணும். மூன்றாம், நான்காம் நாளில் தண்ணீர் முழுக்க உள்ளே போய்விடும். அப்போது எலுமிச்சை அளவு உருண்டை. ஏழிலிருந்து பத்து நாள் வெயில், உள்ளங்கையில் விளக்கெண்ணெய் தடவி உருட்டி உருட்டி. ஒன்றை உடைத்துப் பாருங்கள்: நடுவும் ஓரமும் ஒரே நிறமாக இருந்தால் ஆயிற்று, நடுவில் கருத்த ஈரம் தெரிந்தால் இன்னும் இரண்டு நாள்.

காலியான டிரம்மைக் கழுவிக் காயவையுங்கள். அடிவிளிம்பில் ஒட்டிய தவிட்டைத் துடைப்பக் குச்சியால் சுரண்டி எடுக்காவிட்டால் வண்டின் முட்டை அதில்தான் மிஞ்சும். ஒரு முழு நாள் வெயில் காட்டி, வசம்பு இரண்டு துண்டும் காய்ந்த வேப்பிலையும் போட்டபின் புது அரிசி. மிஞ்சிய பழைய அரிசியைப் புதிதின் மேலே கொட்டி வையுங்கள், அடியில் அல்ல. புது அரிசிக்கு வழக்கத்தைவிட அரை டம்ளர் தண்ணீர் குறைத்து உலை வைத்தால் சோறு குழையாது.